தெற்குப் பக்கத்து மண்

நான் மண் பார்த்துப் பிழைக்கிறவள். ஜோசியக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில், ஒரு நட்டு போல்ட் பட்டறைக்கும் அட்டைப்பெட்டிக் கம்பெனிக்கும் நடுவில் இருக்கிற சின்ன மண் பரிசோதனைக் கூடத்தில் பதினெட்டு வருடமாக வேலை. யாராவது கட்டடம் கட்டப் போகிறார்கள் என்றால் எங்கள் ஆட்கள் அந்த மனையில் துளை போட்டு, சில அடிக்கு ஒரு தரம் மண்ணை எடுத்துப் பையில் கட்டி அனுப்புவார்கள். நான் அதைக் காயவைத்து, சலித்து, பிசைந்து, எடை போட்டு, அஸ்திவாரம் எத்தனை அடி ஆழத்தில் உட்கார வேண்டும் என்று அறிக்கை எழுதுவேன். கீழே கையெழுத்து முதலாளியுடையது, எழுத்து முழுக்க என்னுடையது.

எங்களுக்கு வருகிற மண்ணில் பாதி கூவம் கொண்டுவந்து போட்டது. கூவம் என்றதும் மூக்கைப் பொத்திக்கொள்கிறவர்களுக்கு இது தெரியாது: திருவேற்காட்டில் அவர்கள் வீடு நிற்பதே அந்த ஆறு போட்ட மண்ணின் மேல்தான். மழைக்காலத்தில் ஆறு கரை தாண்டும்போது கனமான மணலைக் கரையோரமே போட்டுவிடும். வண்டல் இன்னும் கொஞ்ச தூரம் போகும். களிமண் கடைசிவரை தண்ணீரிலேயே மிதந்து, தண்ணீர் அசையாமல் தேங்குகிற பள்ளத்தில்தான் படியும். இதோடு முடிந்தால் என் வேலை சுலபம். ஆறு ஒரே தடத்தில் ஓடுவதில்லை. பழைய தடத்தை விட்டுவிட்டு வேறு வழியில் போகும். விட்டுப்போன தடம் குட்டையாகி, வருடா வருடம் களி படிந்து, தூர்ந்து, மேலே புல் முளைத்து, நெல் விளைந்து, கடைசியில் லாரி லாரியாகக் கிராவல் கொட்டி மனை போடுகிற சமவெளியாகிவிடும். மேலே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. பத்தடி தள்ளித் துளை போட்டால் வேறு மண் வரும்.

இதையெல்லாம் நான் புதிதாக வருகிற பொறியாளர்களுக்கு வகுப்பெடுப்பதுபோலச் சொல்வேன். "பக்கத்து மனை நல்லா இருந்ததுன்னு இங்கயும் நல்லா இருக்கும்னு நினைக்காதீங்க" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேனோ, கணக்கில்லை. ஆனால் எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. சின்ன வீடு, அவசரம், பக்கத்து மனையில் போன வருடம்தான் துளை போட்டிருக்கிறோம் என்றால், அந்தப் பழைய அறிக்கையை எடுத்து, மனை எண்ணையும் சொந்தக்காரர் பெயரையும் மாற்றி அச்சடித்துக் கொடுத்துவிடுவது. எல்லாரும் செய்வார்கள். நானும் செய்திருக்கிறேன்.

எங்கள் துளை போடும் குழுவின் தலைவர் பூந்தமல்லிப் பக்கத்துக்காரர். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். நான் அண்ணே என்பேன், அவர் மேடம் என்பார். எத்தனை தடவை சொல்லியும் அதை விடவில்லை. அவர் அப்பா திருவேற்காட்டுக்கு அந்தப்பக்கம் வயல்களில் கூலிக்கு உழுதவர். அந்த வயல்கள் மனைகளானபோது, அதில் ஒன்றை இவர் வாங்கினார். சொந்த வீடு என்பது அவருக்கும் அவர் மனைவிக்கும் இருபது வருட ஆசை. இரண்டு பெண் பிள்ளைகளோடு ஒற்றை அறை வாடகை வீட்டில் இருந்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை, பாலித்தீன் பைகள் ஏழெட்டை என் மேசைக்குக் கீழே வைத்தார். ஒவ்வொன்றிலும் சீட்டு எழுதிக் கட்டியிருந்தது.

"மேடம், நேத்து ஆகர் எடுத்துகினு போயி என் மனையில நானே எறக்கிப் பாத்தேன்" என்றார். ஆகர் என்பது கையால் முறுக்கி இறக்குகிற துளைக்கருவி. "வடக்குப் பக்கம் நல்லா மணல் வருது. தெக்குப் பக்கம்தான் வேற மாரி கீது. நீங்க பாத்து ஒரு பேப்பர் குடுத்தீங்கன்னா மச்சான் அத வச்சி வேலய ஆரம்பிச்சிடுவான்."

மச்சான் என்றது மனைவியின் தம்பியை. அவர் கொத்தனார். அக்கா வீட்டைத் தானே கட்டித் தருவதாக ஏற்றுக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் ஒரு பெரிய ஐ.டி. கட்டடத்தின் அறிக்கை என் தலையில் விழுந்திருந்தது. முதலாளி மணிக்கொரு தரம் வந்து எட்டிப் பார்த்தார். அண்ணன் தினமும் காலையில் கேட்டார், அதுவும் தயங்கித் தயங்கி. நான் நான்காம் நாள் என்ன செய்தேன் என்றால், அவர் மனைக்கு வடக்கே ஒட்டியிருக்கும் மனையின் அறிக்கையைக் கணினியில் திறந்தேன். அது நாங்களே போட்டது. இரண்டடிக் கொட்டு மண், அதன்கீழ் இறுகிய மணல். மனை எண்ணை மாற்றினேன். அஸ்திவாரம் ஐந்தடி போதும் என்று இருந்ததை அப்படியே விட்டேன். அச்சடித்து, கையெழுத்து வாங்கி, அவர் கையில் கொடுத்தேன். பைகளை அவிழ்க்கவில்லை. அவை பதிவேட்டில் ஏறாதவை என்பதால் யாரும் தேடவும் இல்லை, காலால் ஓரமாகத் தள்ளப்பட்டு அலமாரிக்கு அடியில் போய்விட்டன.

அவர் அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கினார்.

குழி தோண்டிய அன்று போன் செய்தார். "மேடம், தெக்குக் குழியில நீலமா, சாம்பலா களி வருது. நடு நடுவுல துரு மாரி செவப்புப் புள்ளி. நத்த ஓடு கூட கீது. இன்னும் கீழ போவட்டா?"

அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாமே இருந்தது. காற்றே புகாமல் தண்ணீரில் ஊறிக் கிடக்கிற மண்தான் நீலச் சாம்பலாக இருக்கும். கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது வேர் போன வழியாகக் காற்று நுழைந்து, மண்ணிலிருக்கிற இரும்பு அங்கங்கே துருப்பிடிக்கும். எங்கள் பக்கத்தில், ஐப்பசியில் தரைவரை ஏறி வைகாசியில் இறங்கிப் போகிற நிலத்தடி நீர் எழுதி வைக்கிற கையெழுத்து அது. நத்தை ஓடு என்றால் அங்கே குட்டை இருந்திருக்கிறது. முதல் வருட மாணவிகூடச் சொல்லிவிடுவாள்.

நான் பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன். "பேப்பர்ல என்ன போட்டிருக்கு அண்ணே?" என்றேன்.

"அஞ்சடி."

"அப்புறம் என்ன? மேல கொஞ்சம் அப்படித்தான் வரும். பேப்பர்ல இருக்கிறபடி போங்க."

"சரி மேடம்" என்று வைத்துவிட்டார்.

கிரகப்பிரவேசத்துக்குப் போனேன். அழகான சின்ன வீடு. தெற்கு அறை பெண்களுக்கு. அவர் மனைவி எல்லாரிடமும் என்னைக் காட்டி, "இவங்கதான் எங்க மண்ண டெஸ்ட் பண்ணி எழுதிக் குடுத்தாங்க. இந்தத் தெருவுலயே டெஸ்ட் பண்ணி கட்டுன ஊடு எங்களுதுதான்" என்றாள். அந்தத் தாளை லேமினேட் செய்து பத்திரத்தோடு வைத்திருப்பதாகவும் சொன்னாள். நான் கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டு சிரித்தேன். உண்மையாகவே எனக்கு அப்போது பயம் எதுவும் இல்லை. மறந்தேபோயிருந்தேன்.

அடுத்த சித்திரையில் தெற்கு அறைச் சுவரில், ஜன்னல் மூலையிலிருந்து தரையை நோக்கிச் சாய்வாக ஒரு விரிசல் விட்டது. வைகாசியில் அதில் விரல் நுழைந்தது. அண்ணன் இதைக் கரையான்சாவடியில் ஒரு வேலைத்தளத்தில், டீ குடிக்கும்போது, வேறு எதையோ சொல்வதுபோலச் சொன்னார். "மச்சான் சிமென்ட்ட கம்மியா போட்டுட்டான்னு ஊட்ல ஒரே சண்ட மேடம்."

நான் அன்று மதியமே கூடத்துக்குத் திரும்பி, அலமாரிக்கு அடியில் தரையில் படுத்துக் கையை விட்டுப் பைகளை இழுத்தேன். "தெக்கு, ஆறடி" என்று எழுதியிருந்ததை அவிழ்த்தேன். களி உள்ளே இன்னும் ஈரமாகவே இருந்தது. அழுகின முட்டை வாசனை. கிள்ளி உள்ளங்கையில் உருட்டினேன். நூலாகத் திரண்டு, ஒடியாமல், நீண்டுகொண்டே போனது. "தெக்கு, எட்டடி"யும் அதேதான். மழையில் உப்பி, வெயிலில் சுருங்கி, மேலே எதை வைத்தாலும் மெல்ல மெல்ல அமுங்குகிற மண். வீட்டின் வடக்குப் பாதி மணலில் நிற்கிறது, தெற்குப் பாதி தூர்ந்துபோன பழைய தடத்தின் மேல் நிற்கிறது. சிமென்ட்டில் என்ன இருக்கிறது?

இரண்டு நாள் கழித்து அவரிடம் சொன்னேன். பையை அவிழ்க்கவே இல்லை என்று சொன்னேன். பக்கத்து மனையின் அறிக்கை என்று சொன்னேன். அவர் துளை போடும் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தவில்லை.

"குழி தோண்டறப்பவே எனக்குத் தெரிஞ்சிச்சு மேடம்" என்றார் கடைசியில். "அந்த மூல எப்பவும் சதசதன்னு கெடக்கும், எங்கப்பா காலத்துலயே அப்டித்தான். ஆனா படிச்சவங்க எழுதிக் குடுத்தது. நான் இன்னாத்த பேசறது?" குழாயைக் கீழே வைத்துவிட்டு, "ஊட்ல சொல்லிடாதீங்க" என்றார்.

அவர் மனைவி வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து, எனக்குத் தெரிந்த பொறியாளர் ஒருவரைக் கூட்டிப்போய்க் காட்டினோம். வீடு விழாது, ஆனால் விரிசல் நிற்காது என்றார். தெற்கு அறையை இடித்துவிட்டு ஆழமாகக் கம்பம் இறக்கிக் கட்டலாம் என்றார். அதற்கு ஏது பணம் என்று அண்ணன் சிரித்துவிட்டார். பெண்கள் படுக்கையை முன்னறைக்கு மாற்றிக்கொண்டார்கள்.

ஐப்பசி மழையில் களி உப்பியதும் விரிசல் தானாகவே ஒடுங்கிவிட்டது. அவர் மனைவி அதன்மேல் வெள்ளை பூசிவிட்டு, எல்லாம் சரியாகிவிட்டது என்று எனக்கு இனிப்பு கொடுத்தனுப்பினாள். நான் கோழை. அந்த இனிப்பையும் வாங்கிக்கொண்டேன். பங்குனி பிறந்ததும் பூச்சைக் கிழித்துக்கொண்டு விரிசல் மறுபடி திறந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவரிடம் கேட்காமலே போனேன். விரிசல் இப்போது கூரைவரை எட்டியிருந்தது. அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, எதிரில் தரையில் உட்கார்ந்தாள். அண்ணன் வாசலோரம் நின்றார்.

"கூடப் பொறந்தவன்னு நம்புனேன் மேடம். இப்டி பண்ணிட்டான். போன சித்திரையில பேச்ச உட்டது, இன்னும் பேசல. நீங்களே சொல்லுங்க, மண்ணு நல்ல மண்ணுதானே?"

அண்ணன் என்னையே பார்த்தார். சொல்லாதீர்கள் என்றுதான் அந்தப் பார்வை.

"மண்ணு நல்ல மண்ணு இல்லம்மா" என்றேன். "உங்க தம்பி மேல ஒரு தப்பும் இல்ல. நான் டெஸ்ட் பண்ணவே இல்ல. பக்கத்து மனையோட பேப்பர எடுத்துப் பேர மாத்திக் குடுத்துட்டேன்."

அவள் கத்துவாள், காபியை என் முகத்தில் ஊற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். ஊற்றியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் தெரியும் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. எழுந்துபோய் போனை எடுத்து ஒரு நம்பரை அழுத்தினாள், காதில் வைத்தாள், திரும்ப அழுத்தினாள். நான்காவது தரம் போனை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நம்பர மாத்திட்டான் போல" என்றாள். பிறகு, என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னாள். "அக்கா, மண்ணுதான் சரியில்லக்கா, என்ன நம்புன்னு அவன் தலயில அடிச்சிகினு அழுதான். நான்தான் உங்க பேப்பர எடுத்து அவன் மூஞ்சில வீசுனேன்."