சம்பந்தி ஊற்றிய புகை விஸ்கி

கடந்த சனிக்கிழமை பிற்பகல் ஒரு பொய் சொன்னேன். வழக்கமாகச் சொல்கிற பொய்தான். இருபத்தைந்து வருடங்களாகப் பிசகில்லாமல் ஓடிய பொய்... அன்றைக்குப் பார்த்துக் காலை வாரிவிட்டது.

மகள் நிலானிக்கு மாப்பிள்ளை தானாகவே அமைந்துவிட்டார். பெயர் மாத்தியாஸ், டேனிஷ்காரர். இரண்டு வீட்டாரும் முதல் முறையாகச் சந்திப்பது என்று ஏற்பாடு. டென்மார்க்கில் நாங்கள் இருக்கிற ஹோர்சன்ஸிலிருந்து மாப்பிள்ளை வீடு இருக்கிற எஸ்பியர்க் வரை கார் ஓட்டினேன். கிழமை முழுக்க வெயர்ஹவுஸில் பெட்டி அடுக்கிய முதுகு, வழி நெடுக முறைப்பாடு சொல்லிக்கொண்டே வந்தது. பக்கத்தில் இருந்த மனைவி ராணி, "அங்க போய்க் கனக்கக் கதைக்காதேங்கோ" என்று நூறாவது தடவையாகச் சொன்னாள். கதைக்க எனக்குத் தெம்பே இல்லை என்பது அவளுக்குத் தெரியாதா என்ன?

மாத்தியாஸின் அப்பா பென்ட். ஓய்வுபெற்ற ஆசிரியர், மனைவியை இழந்தவர். நிலானியும் மாத்தியாஸும் முன்னரே வந்திருந்தார்கள். கோப்பியும் கேக்கும் முடிந்ததும், பென்ட் அலுமாரியிலிருந்து ஒரு போத்தலைப் பச்சைக் குழந்தையைத் தூக்குகிற பக்குவத்தில் எடுத்து வந்தார். அயர்லாந்து சிங்கிள் மால்ட். பெயர் வேண்டாம், ஓசி விளம்பரமாகிவிடும்.

ஆசிரியர் அல்லவா, பாடம் தொடங்கிவிட்டது. அயர்லாந்தில் பெரும்பாலும் பார்லியைப் புகை படாமல்தான் உலர்த்துவார்களாம். இது விதிவிலக்கு. சதுப்பு நிலத்தில் வெட்டியெடுத்துக் காயவைத்த 'பீட்' மண்ணை எரித்து, அந்தப் புகையில் உலர்த்திய பார்லி. "முதலில் மூக்கு. வாய் பிறகு" என்றார்.

அவர் ஊற்றித் தந்த கிளாஸுக்குக் கிட்ட மூக்கைக் கொண்டுபோனேன். அடேயப்பா! முதலில் தண்ணீர் தெளித்து அணைத்த அடுப்பு. அதற்குப் பின்னால் ஆஸ்பத்திரி மருந்து. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் தேன்... பழுத்த பேரிக்காய்... நாக்கு ஊறியது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அப்போதுதான் நிமிர்ந்தேன். எதிரே நிலானி.

எங்களில் அப்பாமார் மகளுக்கு முன்னால் குடிப்பதில்லை. குடிப்பதே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள் – உங்களுக்குத் தெரியாததா? பிறந்தநாளோ, பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீடோ, ஹோலுக்குள்ளே பெண்களும் பிள்ளைகளும். வெளியே பார்க்கிங்கில், யாரோ ஒருவருடைய கார் டிக்கியைத் திறந்துவைத்துக்கொண்டு நாங்கள். பிளாஸ்டிக் கப், கோலா, மிக்சர். கை விறைக்க நின்று குடித்துவிட்டு, ஏலக்காயைச் சப்பிக்கொண்டு உள்ளே வந்து, ஒன்றும் நடக்காதவர்கள் போலச் சோற்றுக்கு வரிசையில் நிற்போம். குடிப்பதில் ஒரு களைப்பும் இல்லை. ஒளிப்பதில்தான்... அப்பப்பா!

கிளாஸைக் கீழே வைத்தேன். "நான் குடிக்கிறதில்லை" என்று டேனிஷில் சொன்னேன்.

பென்டின் முகம் வாடிவிட்டது. "மன்னியுங்கள், முதலே கேட்டிருக்க வேண்டும்" என்றார். தன்னுடைய கிளாஸையும் அவர் தொடவில்லை. போத்தல் அலுமாரிக்குத் திரும்பியது. பிறகு மழையைப் பற்றிக் கதைத்தோம். இந்த ஊர் மழையைப் பற்றி எவ்வளவு நேரம் கதைக்கலாம்? மூன்று நிமிடம். அதற்குப் பிறகு ஆளுக்காள் கேக் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நிலானி என்னைக் குசினிக்குள் கூட்டிப்போய் அடுப்புக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். டேனிஷில்தான் தொடங்கினாள். கோபம் ஏறியதும் தமிழுக்கு வந்துவிட்டாள்.

"அப்பா, ஏன் பொய் சொன்னனீங்கள்? உங்களுக்கு விஸ்கி விருப்பம் எண்டு நான்தான் பென்டுக்குச் சொன்னனான். உங்களுக்கெண்டு கன கடை ஏறி இறங்கி வாங்கினவர்."

"உனக்கு... தெரியுமோ?"

"ஏலக்காய் மணத்தோட அத்தனை ஆம்பிளையளும் ஒண்டா உள்ளுக்கு வந்தால் தெரியாதே? எனக்கு ஏழு வயசிலயே தெரியும்."

இத்தனை வருடமாகக் குளிரில் நின்றதெல்லாம் வீண்.

அவள் நிறுத்தவில்லை. "இப்ப அவர் என்ன நினைப்பார்? தன்னோட இருந்து குடிக்க உங்களுக்கு மனமில்லை எண்டு. இந்தக் கலியாணம் உங்களுக்குப் பிடிக்கேல்லை எண்டு." குரல் இறங்கியது. "பிடிக்கேல்லையோ அப்பா?"

இந்தக் கேள்வியை எத்தனை மாதம் மனதுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தாளோ? மாத்தியாஸைப் பற்றி அவள் முதன்முதலாகச் சொன்ன அன்று நான் "சரி" என்று மட்டும் சொன்னேன். வேலையால் வந்த அலுப்பு, வேறொன்றுமில்லை. அந்த ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு பிள்ளை என்னென்ன நினைத்திருக்கிறாள்! எனக்கு வெட்கமாக இருந்தது.

"பிடிச்சிருக்குப் பிள்ளை. நல்ல பெடியன்."

"அதை அவையளுக்குச் சொல்லுங்கோ."

வாசலில் ராணி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். "என்ரை வாயால இதைச் சொல்லுவன் எண்டு நினைக்கேல்லை" என்று பெருமூச்சு விட்டாள். "திரும்பிப் போகேக்க காரை நான் ஓட்டுறன். போய்க் குடியுங்கோ."

போனேன். பென்டிடம் உண்மையைச் சொன்னேன். உங்கள் மகனை எனக்குப் பிடித்திருக்கிறது. விஸ்கியும் பிடிக்கும். மகளுக்கு முன்னால் குடிப்பதில்லை, அவ்வளவுதான். அது எங்களுடைய மரியாதை.

"அப்படியானால் எங்கே குடிப்பீர்கள்?"

"கார் பார்க்கிங்கில்."

"ஜனவரியிலும்?"

"ஜனவரியிலும்."

மனிதர் என்னை மிகுந்த இரக்கத்தோடு பார்த்தார். பிறகு எழும்பிப் போய்ப் போத்தலை எடுத்து வந்து, நான்கு கிளாஸில் ஊற்றினார். நான்காவது நிலானிக்கு!

அடுத்த சோதனை அங்கேதான். இந்த நாட்டில் 'ஸ்கோல்' சொல்லிக் கிளாஸை உயர்த்தினால், ஒவ்வொருவருடைய கண்ணையும் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் மரியாதை இல்லை. எங்களுக்கோ மகளின் கண்ணில் படாமல் குடிப்பதுதான் மரியாதை. என்ன செய்வது? பென்டைப் பார்த்தேன். மாத்தியாஸைப் பார்த்தேன். கடைசியாக நிலானியைப் பார்த்தேன். அவள் கண் கலங்கியிருந்தது. என்னுடையதும்தான். புகை என்று சமாளிக்கலாம் – ஆனால் இன்னும் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லையே!

குடித்தேன். கோலா இல்லாமல். முதலில் இனிப்பு, நடுவில் மிளகுக் காரம், விழுங்கிய பிறகுதான் புகை மெதுவாக மேலே வந்தது.

நிலானியும் ஒரு வாய் எடுத்தாள். கண்ணை மூடி, நாக்கில் உருட்டி, நிதானமாகப் பென்டிடம் சொன்னாள்: "பேரிக்காய் நன்றாகத் தெரிகிறது. புதுவருடத்துக்கு நாங்கள் குடித்த ஸ்கொட்லாந்து விஸ்கியில் புகை இதைவிட அதிகம்."

புதுவருடத்துக்கா? அன்றைக்கு வேலை, வீட்டுக்கு வர முடியாது என்றல்லவா எங்களுக்குச் சொன்னாள்!

கேட்க வாய் வந்தது... கேட்கிற தகுதிதான் வரவில்லை.