சஷ்டி விரதம் இருந்த குதிரை

என் பெரியப்பா வழக்கறிஞர்; ஒரு குதிரையும் வைத்திருந்தார். இவ்விரண்டில் எதைப் பற்றி அவருக்கு அதிகம் தெரியும் என்று யாரேனும் கேட்டால், சட்டத்தைப் பற்றி என்று சொல்வேன், அதுவும் சற்றுத் தயங்கித்தான்.

பினாங்கில் எங்கள் யாழ்ப்பாணக் குடும்பங்களுக்குப் பெருமை சேர்ப்பவை என்று அன்று மூன்று இருந்தன. பிள்ளையின் பட்டம், கூடத்துச் சுவரில் தொங்கும் பணி ஓய்வு விழாப் படம், வாசலில் நிற்கும் கார். எண்பதுகளின் தொடக்கத்தில் இம்மூன்றும் ஏறக்குறைய எல்லாருக்கும் வாய்த்துவிட்டன. ஆகவே பெரியப்பா நான்காவதைத் தேடினார். பந்தயங்களில் ஓடி ஓய்ந்த பழுப்புநிறப் பெண்குதிரை ஒன்று அவருக்குக் கிடைத்தது. பங்களாவின் பின்புறமிருந்த கார்க் கொட்டகையின் பாதியைத் தடுத்து அதற்கு இடம் செய்தார். அவர் அதில் ஒருநாளும் ஏறியதில்லை. வருகிறவர்களைத் தேநீருக்குப் பின் அழைத்துப் போய்க் காட்டுவார். அதன் வாயருகே ஒரு துண்டுக் காரட்டை நீட்டிவிட்டு, கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொள்வார்.

குதிரையைப் பார்த்துக்கொள்ள ஒருவரை அமர்த்தியிருந்தார். பைராம் என்னும் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, பந்தயத் திடல் லாயங்களில் பதினைந்து ஆண்டுகள் வேலை செய்தவர். கொட்டகைக்கு ஒட்டிய அறையிலேயே தங்கியிருந்தார். அவருக்கு எழுதப் படிக்க நன்றாகத் தெரியும். ஆயினும், தீனி அட்டவணை அழகான கையெழுத்தில் இருக்கவேண்டும் என்று பெரியப்பா கருதியதால் நான் அழைக்கப்பட்டேன். பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படித்துக்கொண்டிருந்த நான், டத்தோ கிராமாட்டில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து பேருந்தில் போய், குதிரைக்காரர் சொல்லச் சொல்ல எழுதினேன். காலை ஐந்தரை, பதினொன்று, மாலை நான்கு, இரவு எட்டு ஆகிய நான்கு வேளைக்கும் தலா ஒரு டின் ஓட்ஸ், அரை டின் தவிடு. இடையிடையே புல், எந்நேரமும் தண்ணீர்.

“நாலு வேளையா?” என்று கேட்டேன். எங்கள் வீட்டில் மூன்று வேளைதான்.

“பார்க்கத்தான் ஆள் பெருசு, தங்கச்சி. உள்ள இரைப்பை சின்னது லா,” என்றார். “கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி குடுக்கணும். லோரியில மண்ணு ஏத்துற மாதிரி ஒரே தடவையில ஏத்த முடியாது. மாடு மாதிரி அசை போடாது. நம்ம மாதிரி வாந்தியும் எடுக்காது. உள்ள போனது போனதுதான். அதுக்கப்புறம் ஆண்டவன் பாடு.”

அட்டவணையைக் கண்ணாடிச் சட்டமிட்டுத் தூணில் மாட்டினார்கள். மூன்று மாதம் அது தொங்கியது. குதிரையும் நலமாக இருந்தது.

ஐப்பசியில், கந்தசஷ்டி தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பு, பெரியப்பா மீண்டும் என்னை வரச் சொன்னார். எனக்குப் பருவ விடுமுறை. சூரசம்ஹாரத்தன்று சுவாமி புறப்பாட்டின் முன்னால் தம் குதிரையை நடத்திச் செல்லக் கோயில் நிர்வாகத்திடம் அவர் ஒப்புதல் பெற்றிருந்தார். அத்துடன் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத் தெரிந்தவர்கள் குதிரை வாங்குவதில்லை.

“குதிரை எண்டாலும் சுவாமிக்கு முன்னால போறது, பிள்ளை,” என்றார். “அதுவும் விரதம் இருந்துதான் போக வேணும். ஆறு நாளும் ஒரு நேரச் சாப்பாடு. மத்தியானப் பூசை முடிஞ்ச பிறகு மட்டும். புதுசா ஒரு அட்டவணை வடிவா எழுது.”

குதிரைக்காரர் என் பின்னால் நின்றிருந்தார். “ஐயா, அது தாங்காதுங்க,” என்றார்.

“ஏன் தாங்காது? நாங்கள் இருக்கேல்லையா? தண்ணீர் குடிக்கலாம். அதைத் தடுக்கேல்லை.”

“அப்ப புல்லாவது போட்டு வைப்போம், ஐயா.”

“புல்லும் சாப்பாடுதானே!” என்று பெரியப்பா சிரித்தார். எதிர்த்தரப்புச் சாட்சியை மடக்கிவிட்டவரின் சிரிப்பு அது.

இவ்விடத்தில் என்னையும் விட்டுவைக்க விரும்பவில்லை. அவர் சொல்வது தவறு என்று எனக்குத் தெரியும். குதிரைக்காரர் மூன்று மாதம் முன்பு சொன்னதில் ஒரு சொல்லையும் நான் மறந்திருக்கவில்லை. ஆயினும் எழுதினேன். பெரியவர்கள் முன் பேசாதிருப்பதை அடக்கம் என்று எல்லாரும் புகழ்ந்து புகழ்ந்து, என் கோழைத்தனத்தை எனக்கே நல்ல குணமாகக் காட்டியிருந்தார்கள். ‘மத்தியானம் ஒன்று’ என்று தலைப்பிட்டேன். அதன் கீழே, நான்கு வேளைத் தீனியையும் கூட்டி, நான்கு டின் ஓட்ஸ், இரண்டு டின் தவிடு என்று எழுதினேன். கோடுகள் நேராக இருந்தன. பெரியப்பா அதைப் பாராட்டினார்.

முதல் நாள் கழிந்தது. இரண்டாம் நாள் காலையில் நான் போனபோது, குதிரை கொட்டகையின் மரத் தடுப்பைக் கடித்துக்கொண்டிருந்தது. மேல்விளிம்பு முழுதும் வெள்ளையாகச் சிராய்த்திருந்தது. மனிதருக்கு இரண்டு சாப்பாட்டுக்கு நடுவே வயிறு சற்று ஓயும், இதற்கு ஓயாது, தின்றாலும் தின்னாவிட்டாலும் உள்ளே புளிப்பு சுரந்துகொண்டே இருக்கும் என்று குதிரைக்காரர் சொன்னார். முந்தின நாள் மாலை அவர் ஒளித்துக் கொண்டுவந்த ஒரு கட்டுப் புல்லைப் பெரியப்பா பார்த்துவிட்டார். புல் வைக்கும் அறைக்கு இப்போது பூட்டு. சாவி பூசையறையில், வேல் படத்துக்குக் கீழே.

“ஐயாவும் விரதம்தான், ஒத்துக்கிறேன்,” என்றார் குதிரைக்காரர். குரலைத் தாழ்த்தவே இல்லை. “காலையில அஞ்சு மணிக்குப் பால். எட்டு மணிக்குப் பப்பாளி. பத்தரைக்கு இளநீர். மத்தியானம் சாப்பாடு. நாலு மணிக்கு அவல், வாழைப்பழம். ராத்திரி மறுபடியும் பால். நான் இங்கிருந்தே எண்ணிக்கிட்டு இருக்கேன், தங்கச்சி. அந்த விரதத்தை இதுக்குக் குடுக்கச் சொல்லுங்க, போதும் லா. இது அதைத்தான் கேக்குது.”

அவர் கணக்கில் பிழையில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி உண்ணும் முறையைப் பெரியப்பா தமக்கு மட்டும் மிக நேர்த்தியாக வகுத்துக்கொண்டு, அதற்கு விரதம் என்று பெயரிட்டிருந்தார். பசி என்று ஒன்று அந்த வளவுக்குள் இருந்தது என்றால் அது கொட்டகையில் மட்டுமே இருந்தது.

பெரியம்மாவிடம் போய்ச் சொன்னேன். “எனக்கும் விளங்குது, பிள்ளை,” என்றார். “ஆனால் அவரிட்ட ஒண்டும் கேக்காதே. விரத நாளில அவருக்குக் கோபம் கூடுதல்.” அவல் நனைந்துவிட்டதா என்று பார்க்கப் போய்விட்டார். நானும் பேருந்து ஏறி வீட்டுக்குப் போய்விட்டேன்.

மூன்றாம் நாள் பூசைக்கு விருந்தினர் வந்திருந்தனர்; நானும் போயிருந்தேன். பெரியப்பா பூசை முடிந்ததும் அவர்களை அழைத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். அட்டவணைப்படி நான் அளந்து போட்ட நான்கு டின் ஓட்ஸும் இரண்டு டின் தவிடும் வாளியில் இருந்தன. அது போதாதென்று, ஒரு தாம்பாளம் நிறைய நெய் வழியும் சர்க்கரைப் பொங்கலைத் தம் கையால் அதன்மேல் கவிழ்த்தார். “பிரசாதம்,” என்றார். விருந்தினர் கைகூப்பினர். இருபத்திரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒன்றும் தின்னாதிருந்த குதிரை, மென்றது என்று சொல்வதற்கில்லை, விழுங்கியது. எவ்வளவு பக்தியாகச் சாப்பிடுகிறது பாருங்கள் என்று ஓர் அம்மையார் வியந்தார்.

இரண்டரை மணிக்கு அது முன்காலால் தரையைக் கீறத் தொடங்கியது. திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்த்தது. பிறகு படுத்தது, எழுந்தது, மறுபடி படுத்துப் புரண்டது. கழுத்தெல்லாம் வியர்வை. குதிரைக்காரர் அதன் வயிற்றில் காதை வைத்துக் கேட்டார்.

“ஒரு சத்தமும் இல்ல,” என்றார் என்னைப் பார்த்து. “டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்க, தங்கச்சி. இரைப்பை வெடிச்சா அவ்வளவுதான். குதிரை போயிரும்.”

கால்நடை மருத்துவர் வந்து சேர மூன்றரை ஆயிற்று. பந்தயத் திடலுக்கு வழக்கமாக வருகிறவர், உயரமான பஞ்சாபிக்காரர், ஆங்கிலத்தில்தான் பேசினார். ஈறைப் பார்த்தார், நாடி பார்த்தார். “கடைசியாக என்ன தின்றது?”

“வழக்கமான தீனிதான், டொக்டர்,” என்றார் பெரியப்பா. “எல்லாம் அட்டவணைப்படி.”

மருத்துவர் தூணருகே போனார். தமிழெழுத்து அவருக்குத் தெரியாது. ஆனால் நான்கு வரி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வரி இருப்பதைப் பார்க்க எழுத்துத் தெரிய வேண்டியதில்லை. “இதை எழுதியது யார்?”

“என் தம்பியின் மகள்,” என்றார் பெரியப்பா. “இலக்கியம் படிக்கிறாள்.” இதற்குமேல் விளக்கம் வேண்டுமா என்பது போல் கையை விரித்தார்.

குதிரைக்காரர் கயிற்றைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாயைத் திறந்தால் அவருக்கு வேலையும் இல்லை, தங்க அறையும் இல்லை. எனக்கு அப்படி இழக்க ஒன்றுமில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை காலம் நான் வாயை மூடியிருந்ததற்கு ஒரு நல்ல காரணம்கூட இருந்ததில்லை.

“எழுதியது நான். சொன்னது பெரியப்பா,” என்றேன். “ஒரு மணிக்கு நான்கு டின் ஓட்ஸ், இரண்டு டின் தவிடு, ஒரு தாம்பாளம் சர்க்கரைப் பொங்கல். அதற்கு முன் நேற்று ஒரு மணியிலிருந்து ஒன்றுமில்லை. மூன்று நாளாகப் புல்லே இல்லை.”

“குடும்பத்துக்குள்ள பேசவேண்டிய விசயம் இது,” என்று பெரியப்பா தமிழில் சொன்னார்.

மருத்துவர் அதற்குள் குழாயை எடுத்துவிட்டார். பொங்கல் என்றால் என்ன என்று மட்டும் என்னைக் கேட்டார். அரிசி, பயறு, வெல்லம், நெய் என்றேன். அவர் உதட்டை மடித்துக்கொண்டார். குதிரையின் மூக்கு வழியாகக் குழாயைச் செலுத்தினார். வெந்நீர் விட்டு விட்டு, குழாயின் வெளிமுனையைத் தாழ்த்திப் பிடித்து வடித்தார். முதலில் வெறும் நாற்றம் வந்தது. பின்பு தவிட்டுக் கூழ், ஓட்ஸ், குழைந்த சோறு, ஊதிப்போன திராட்சை, உடைந்த முந்திரி. எல்லாம் பெரியப்பாவின் காலடியில் உள்ள வடிகாலில் ஓடின. பிரசாதத்தை மிதிக்கக் கூடாது என்பதால் அவர் நகர்ந்து நகர்ந்து நின்றார்.

பின்பு எண்ணெய் செலுத்தி, ஊசி போட்டு, நடத்தச் சொன்னார். குதிரைக்காரரும் நானும் மாறி மாறி வளவைச் சுற்றி நடத்தினோம். இலத்தி போட்டால் பிழைக்கும், இல்லையென்றால் நம்பிக்கையில்லை என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மாலைப் பாராயணத்துக்கு வந்தவர்கள் உள்ளே போகாமல் வரிசையாக நின்று, குதிரையின் வாலையே பார்த்தனர். ஆறு மணிக்குச் சற்று முன்பு, வாழை மரங்களின் அருகே, அது நின்று வாலைத் தூக்கியது.

“போட்டுருச்சு! போட்டுருச்சு லா!” என்று குதிரைக்காரர் கத்தினார்.

“முருகா!” என்றார் பெரியப்பா. கண்ணை மூடிக் கைகூப்பினார். கூட்டமும் கைகூப்பியது. இலத்தியை நோக்கி அத்தனை பேர் கும்பிட்டு நின்றதை நான் அதற்குமுன் கண்டதில்லை.

மறுநாளே கதை மாறிவிட்டது. மூன்றாம் நாள் பூசையில் குதிரைக்கு அருள் வந்தது, அதனால்தான் தரையில் புரண்டது என்று பெரியப்பா கோயிலில் சொல்லியிருந்தார். புறப்பாட்டில் அது நடக்கப்போவதில்லை என்பதற்கும் அதுவே காரணமாயிற்று. எவரும் மறுக்கவில்லை. மறுப்பானேன்? அஜீரணத்தைவிட அருள் கேட்பதற்கு நன்றாக இருக்கிறது.

மருத்துவர் எனக்கு விட்டுப்போன கட்டளை வேறு. ஐந்து நாளைக்குத் தானியம் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நனைத்த புல் ஒரு பிடி. பிறகு இரண்டு பிடி. வேறு எது வயிற்றுக்குள் போனாலும் தம்மை அழைக்க வேண்டாம், குழி தோண்டுகிறவனை அழைத்தால் போதும் என்றார். பூசையறையிலிருந்த புல் அறைச் சாவியை நானே எடுத்துக்கொண்டேன். கேட்டுவிட்டு எடுக்கவில்லை. பெரியப்பா பார்த்தார்; மருத்துவரின் முன் நிகழ்ந்ததற்குப் பிறகு அவர் என்னிடம் நேரே பேசுவதை நிறுத்தியிருந்ததால், அதுவும் எனக்கு வசதியாயிற்று.

சூரசம்ஹாரத்தன்று காலையிலிருந்தே பெண்கள் வரத் தொடங்கினார்கள். அருள் வந்த குதிரைக்கு ஊட்டினால் பிள்ளைகள் பரீட்சையில் தேறுவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தட்டுகளில் வாழைப்பழம், லட்டு, கடலை. ஒருவர் வடைமாலை கொண்டுவந்தார். குதிரைக்காரர் புல் அறுக்கப் போயிருந்தார். நான் தடுப்பின் முன்னால் நின்றேன்.

“ஒரே ஒரு லட்டு, தங்கச்சி.”

“கூடாது.”

“பிரசாதம், மா. பிரசாதத்தை மறுக்கலாமா?”

“கூடாது.”

“யார் இந்தப் பொண்ணு? வாயே திறக்காதும்பாங்க!”

பத்து மணிக்கு என் அம்மா வந்தார். கையில் தட்டு. என் இறுதித் தேர்வுக்காக என்று மெல்லச் சொன்னார். பின்னால் பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“கூடாது, அம்மா,” என்றேன்.

அவர் முகம் சிவந்தது. தட்டைத் தாழ்த்திக்கொண்டு, வரிசைக்குத் திரும்பிப் போகாமல், என் பக்கத்தில் வந்து நின்றார். கடிகாரம் பத்தைக் கடந்திருந்தது. நான் வாளித் தண்ணீரிலிருந்து ஒரு பிடி புல்லை எடுத்து உதறினேன். குதிரை அதை அவசரமில்லாமல் மென்றது. அடுத்த பிடி பன்னிரண்டுக்கு. அதுவரை வாசலில் இன்னும் எத்தனை தட்டுகள் வரும் என்று அம்மா எண்ணிக்கொண்டிருந்தார்.