வடிவம்மாவின் தகராறு

கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்தெடுக்கும் வடிவம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். கங்காணி முதல் கணக்கப்பிள்ளை வரை அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் இல்லை. தொழிற்சங்கம் அவளைச் சாட்சியாகக் கண்டிக்கு அழைத்துப் போனதே அந்த வாயை நம்பித்தான்.

விஷயம் இதுதான். கைகாசுக்கு, அதாவது பதிவில்லாத அன்றாடக் கூலிக்கு வந்த அழகம்மா, அடைமழையில் வழுக்குப்பாறை மலைக்கு ஏற மறுத்தாள். இனி வரவேண்டாம் என்றுவிட்டது நிர்வாகம். அவளைத் திரும்ப எடுக்கச் சொல்லிச் சங்கம் கேட்டது, தோட்டத் துரை மறுத்தார், வழக்கு கண்டியில் தொழில் நடுவரிடம் வந்தது. "அவள் எங்கள் தொழிலாளியே இல்லை. இது சங்கம் கிளப்பிவிட்ட பொய்ப் பிணக்கு" என்றார் நிர்வாகத்தின் வழக்கறிஞர். வடிவம்மா போன்ற பதிவுத் தொழிலாளருக்கும் இதில் சொந்த அக்கறை உண்டென்று காட்டாவிட்டால் வழக்கு வாசலோடு சரி. அழகம்மாவின் பிழைப்பும் போச்சு.

சாட்சி சொல்ல வந்த வடிவம்மாவிடம், பிணக்கு யாரோடு என்று வழக்கறிஞர் சிங்களத்தில் கேட்டார். பிணக்கு என்றால் புரியாதென்று மொழிபெயர்ப்பாளர் எளிமையாக்கினார்: "அம்மா, உங்களுக்கு யாரோட தகராறு?"

"அழகம்மாவோடதான்! பீலியில தண்ணி புடிக்கிற சண்டையிலேருந்து வருசக்கணக்கா பேச்சில்ல."

சங்கச் செயலாளர் நபீல் தலையில் கைவைத்தார். வழக்கறிஞருக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. "பேசாதவளுக்காக ஏன் வந்தீர்கள்?"

வடிவம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"அது பீலித் தகராறுங்கய்யா, நாங்க ரெண்டு பேரும் பாத்துக்குவோம். மலைத் தகராறு தொரையோட. அவ ஏறாட்டி நாளைக்கு என்னையத்தான ஏத்துவாங்க? கைகாசுக்காரிக்கு வழுக்குற பாற, பேர் பதிஞ்சவளுக்கு வழுக்காதா? அவள நிப்பாட்டுன நாள்லேருந்து அந்த மலையில நாங்க ஒருத்தரும் கொழுந்து கிள்ளல. போய்ப் பாருங்க, காடா கெடக்கு."

நடுவர் வழக்கறிஞரைப் பார்த்தார். அவர் கோப்பை மூடிவைத்தார். பிணக்கு மெய்யானதே, விசாரணை தொடரும் என்று அன்றே தீர்ப்பாயிற்று. இப்படியொரு வாய் கிடைக்க ஒரு தோட்டம் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

வெளியே வந்ததும் அழகம்மா ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எனக்காக இம்புட்டுப் பேசுனியேக்கா!"

வடிவம்மா கையை உருவிக்கொள்ளவில்லை. ஆனால் தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னாள்: "ஒனக்காக யாருடி பேசுனா? எங்களுக்காகத்தான் பேசுனேன்."