காப்புக் கையோடு மலை இறங்கினேன்

ஆத்தாளை நம்பும் எல்லோருக்கும் வணக்கம். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் எழுதுகிறேன். பிழையிருந்தால் எழுத்தை அடியுங்கள், என்னை அடிக்காதீர்கள்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் எனக்கு வேலை. தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டும்போது குச்சி தெறித்து வலது கண்ணில் குத்தியது. புண் ஆறியது. ஆனால் கருவிழியில் வெள்ளையாகத் தழும்பு விழுந்து பார்வை போனது. கோயமுத்தூரில் ஆபரேஷன் செய்து, இறந்துபோன யாரோ ஒரு புண்ணியவானின் கருவிழியை எனக்கு வைத்துத் தைத்தார்கள். போகப் போகப் பார்வை தெளிந்தது. அக்கா முகத்தை உற்றுப் பார்த்து, "இதுக்கு அந்தப் பழைய கண்ணே தேவலைக்கா" என்றேன். முதுகில் ஒன்று வைத்தாள்.

சொட்டு மருந்தை நானாக நிறுத்தக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லித்தான் அனுப்பினார். நானா கேட்பேன்?

போன சித்திரையில் எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளின் மாரியம்மன் கோயிலில் காப்பு கட்டினார்கள். கண் கிடைத்ததற்குத் தீச்சட்டி எடுப்பதாக எனக்கு வேண்டுதல். நானும் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டேன். விரதத்தில் இங்கிலீஷ் மருந்து எதற்கு என்று சொட்டு மருந்தை நிறுத்திவிட்டேன்.

"டேய், மருந்து ஊத்துனியா?"

"இனி ஆத்தா பாத்துக்குவாக்கா. நீ போயி கொழுந்து பறி."

பத்தாம் நாள் காலையில் கண் சிவந்தது. வெளிச்சம் ஊசியாய்க் குத்தியது. எதிர்மலையைப் பனி மூடியிருந்தது. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். பனியே இல்லை.

காப்பு கட்டியவன் திருவிழா முடியும்வரை ஊர் எல்லை தாண்டக் கூடாது. ஆஸ்பத்திரியோ மலைக்குக் கீழே. போனால் சாமி குத்தம். இருந்தால் கண் போய்விடும். எனக்குக் கிண்டல் வராமல் போனது அன்றைக்குத்தான். கோயிலில் விழுந்து அழுதேன். "ஆத்தா, வாயாடினது நான். கண்ணை எடுத்துக்காத. போகட்டுமா வேண்டாமா, நீயே சொல்லு."

பூ கேட்கலாம் என்றார் பூசாரி மாமா. வெள்ளைப் பூ வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. அக்கா இரண்டு பொட்டலம் மடித்து அம்மன் காலடியில் வைத்தாள். ஒன்றை எடுத்துப் பிரித்தேன். வெள்ளைச் செவந்தி!

"ஏண்டா, இன்னும் என்னத்துக்கு நின்னுட்டு இருக்கற? ஆத்தாளே சொல்லிட்டா, போயி பஸ்ஸப் புடி!" என்று திருநீறு பூசி விரட்டினார் மாமா.

மேட்டுப்பாளையம் இறங்கி, மதியத்துக்குள் கோயமுத்தூர் போய்ச் சேர்ந்தேன். டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தார்.

"இது வேற ஒருத்தரோடதுன்னு உங்க உடம்பு கண்டுபுடிச்சிருச்சுங்க. வெளிய தள்ளப் பாக்குது. அதை அடக்கி வெச்சிருந்ததே அந்தச் சொட்டு மருந்துதான். ஏனுங்க நிறுத்துனீங்க?"

"புது மருமகள மாமியார் வெரட்டற மாதிரிங்களா?"

"ஆமாங்க. மாமியாருக்குக் கதவத் தொறந்து விட்டது நீங்க."

உடனே வந்ததால் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். மணிக்கொரு தரம் மருந்து. ஒவ்வொரு சொட்டுக்கும் ஆத்தா பெயரைச் சொன்னேன். சிவப்பு இறங்கியது. கொஞ்சம் கொஞ்சமாகப் பனி விலகியது. வைத்த கருவிழி நிலைத்துவிட்டது!

ஊர் திரும்பியபோது திருவிழா முடிந்திருந்தது. என் தீச்சட்டியை அக்காவே எடுத்திருந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைதாண்டா வெச்சேன்."

நீயே சொல்லு என்று ஆத்தாளிடம் கேட்டேன். சொன்னாள். எங்கள் அக்கா கையால் சொன்னாள், அவ்வளவுதான்.

வெள்ளிக் கண்மலர் ஒரு ஜோடி வாங்கி அம்மனுக்குச் சாத்தினேன். ஒன்று எனக்கு. இன்னொன்று, கண் கொடுத்துவிட்டுப் போன அந்தப் பெயர் தெரியாத ஆளுக்கு. இப்போதெல்லாம் சாமி கும்பிட்டதும் முதல் வேலை மருந்துதான். கண் சிவந்தாலோ கூசினாலோ மங்கினாலோ அன்றைக்கே ஓடிவிடுவேன்.

நீங்களும் ஆத்தாளை நம்பிக் கேளுங்கள். பதில் நிச்சயம் வரும். பொட்டலம் மடிக்க ஆள் இல்லையென்றால் சொல்லுங்கள், எங்கள் அக்காவை அனுப்பி வைக்கிறேன்.