குண்டில் போட்ட பிள்ளையார் சுழி

சிட்னியின் மேற்கே பென்டில் ஹில்லில் குடியிருக்கும் பஸ் சாரதி வரதராஜாவிடம் போர் பற்றி ஒரு கொள்கை இருந்தது. போரும் மழை மாதிரித்தான். பெய்கிற ஊரில்தான் பெய்யும். வீதித்தடை இல்லாத, ஊரடங்கு இல்லாத, பொலிசைக் கண்டதும் ஒருவரும் சட்டைப் பையைத் தடவி அடையாள அட்டை தேடாத நாட்டில் போர் கிடையாது. போர் இல்லாத நாட்டின் படைக்கு வேலையும் கிடையாது. "இஞ்சத்தை ஆமி எண்டால் என்ன? வெள்ளம் வந்தால் மண்மூட்டை அடுக்கும். வருசத்தில ஒருநாள் பாண்ட் வாசிச்சு நடக்கும்," என்பார்.

யாழ்ப்பாணத்தில் குண்டு விமானத்துக்குப் பயந்து வானத்தைப் பார்த்துப் பார்த்தே வாலிபத்தைக் கழித்த ஒருவர் இப்படி நினைத்தது வியப்பாகத் தோன்றலாம். உண்மையில் அப்படிக் கழித்தவர்தான் இப்படி நினைப்பார். சூடு பட்டவனுக்கு நெருப்பைத் தெரியும். நெருப்புப்பெட்டி செய்யும் ஊரைத் தெரியாது.

இந்தக் கொள்கையை வரதராஜா தன்னோடு வைத்திருந்தால் ஒருவருக்கும் கேடில்லை. அவர் அதை ஒரே மகள் மிருணாளினியின் மேல் பிரயோகித்தார்.

மிருணாளினி பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது மருத்துவத்துக்குப் புள்ளி போதவில்லை. பல் வைத்தியத்துக்கும் போதவில்லை. இரண்டுக்கும் போதாத பிள்ளையைத் தமிழ் வீடுகளில் என்ன செய்வது என்பதற்கு இன்னும் தெளிவான வழிமுறை இல்லை. அவளோ ஒரு வருடம் சும்மா இருந்து யோசிக்கப்போவதாகச் சொன்னாள். யோசிக்க எதற்கு ஒரு வருடம் என்று வரதராஜாவுக்கு விளங்கவில்லை. ஹோம்புஷ் பக்கம் நடந்த தொழில் வழிகாட்டிக் கண்காட்சிக்கு அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். பல்கலைக்கழகங்களின் மேசைகளில் கூட்டம் அதிகம். விமானப் படையின் மேசையில் கூட்டம் இல்லை. சீருடையில் நின்ற பெண் சிரித்த முகத்தோடு பேசினாள். படிப்பித்து, சம்பளமும் தந்து, விமானத்தோடு வேலையும் தருவார்கள் என்றாள். வரதராஜாவின் காதில் விழுந்த சொல் 'விமானம்'. வேலையின் பெயரில் அதை ஒட்டி நின்ற 'ஆயுதம்' என்ற சொல் அவர் காதில் விழுந்ததா, அல்லது விழுந்தும் அவர் கேட்கவில்லையா என்பது பிறகு அவரே பலமுறை தன்னிடம் கேட்டுக்கொண்ட கேள்வி.

மிருணாளினி முதலில் மறுத்தாள். இரண்டு கிழமை தகப்பன் அவளோடு பேசவில்லை. எந்தப் படையிலும் இல்லாத ஆயுதம் அது. அவள் கையெழுத்துப் போட்டாள்.

பிறந்தநாள் விழாக்களிலும் முருகன் கோயில் அன்னதான வரிசையிலும் 'எயார்போர்ஸ் எஞ்சினியர்' என்று ஒருத்தி உருவானது அதன் பிறகுதான். போர் விமானங்களில் குண்டும் ஏவுகணையும் பூட்டுகிற, கழற்றுகிற, சரிபார்க்கிற தொழில்நுட்பப் பிரிவில் அவள் இருந்தாள். ஆனால் விழாவில் ஒருவர் கையில் கட்லட்டோடு நிற்கும்போது அவ்வளவையும் விளக்க ஏலாது. எஞ்சினியர் என்றால் எல்லோருக்கும் விளங்கும்.

பிறகு ஈராக்கில் சண்டை மூண்டது. ஆஸ்திரேலிய அரசாங்கம் விமானங்களை அனுப்பியது. வளைகுடாக் கடலில் ஏற்கெனவே அதன் போர்க்கப்பல் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. பரமற்றா தரிப்பிடத்தில் பஸ்ஸை நிறுத்திவைத்துக் கைபேசியில் அந்தச் செய்தியைப் பார்த்த வரதராஜா, மழை பெய்கிற ஊருக்குக் குடையோடு போகிறவர்களும் உண்டு, முகிலோடு போகிறவர்களும் உண்டு என்பதை முதல் தடவையாக உணர்ந்தார். அடுத்த வருடம் மிருணாளினியின் பிரிவுக்கு முறை வந்தது. வளைகுடாவில் ஒரு தளம்; பெயர் சொல்லக்கூடாதாம். சூடு, தூசி, சாப்பாடு பரவாயில்லை என்று கிழமைக்கொரு தடவை வீடியோவில் சொன்னாள். தாய் சிவாஜினி மகளின் நெற்றியில் திருநீறு இருக்கிறதா என்று உற்றுப் பார்ப்பாள். வரதராஜா வெயிலைப் பற்றிக் கேட்பார். வேறு எதையும் கேட்கமாட்டார்.

அவள் பத்திரமாகத் திரும்பி வந்தாள். வந்த சனிக்கிழமை காலை குசினியில் தாய் தோசை சுட, மகள் மேசையில் இருந்து கைபேசிப் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டிக்கொண்டிருந்தாள். ஒட்டகம். மணல் புயல். கூடாரத்துக்குள் கிறிஸ்மஸ் மரம். பிறகு வண்டியில் கிடத்தியிருந்த சாம்பல் நிறக் குண்டைச் சுற்றி நின்று சிரிக்கும் நாலைந்து பேர். குண்டின் உடம்பில் சோக்குக்கட்டியால் எழுதியிருந்தார்கள். போருக்குப் போகிறவர்களிடையே இது மிகப் பழைய வழக்கம். ஒருவன் தன் காற்பந்து அணியின் பெயரை எழுதியிருந்தான், இன்னொருவன் ஏதோ பகிடி எழுதியிருந்தான். அவற்றுக்கு மேலே, தனியாக, சிறியதாக, வடிவாக ஒரு 'உ'.

சிவாஜினி தோசைக் கரண்டியோடு குனிந்து பார்த்துவிட்டு இதென்ன என்று கேட்டாள்.

"எல்லாரும் ஏதாவது எழுதச் சொன்னவை. எனக்கு ஒண்டும் வரேல்லை," என்றாள் மிருணாளினி. "சோக்கைக் கையில எடுத்தவுடன கை தன்ர பாட்டில அதைப் போட்டிட்டுது. அப்பாதானே, எதை எழுதினாலும் முதல்ல அதைப் போடச் சொல்லுறவர்."

உண்மைதான். கணக்குக் கொப்பி, சோதனைத் தாள், லைசென்ஸ் விண்ணப்பம், எதுவானாலும் மேலே ஒரு சுழி போட்டால்தான் தொடங்கலாம் என்பது அந்த வீட்டுச் சட்டம். விமானப் படையின் விண்ணப்பத்தில்கூட, மேல் ஓரத்தில், வெள்ளைக்காரர் கண்ணில் படாத அளவுக்குச் சின்னதாக ஒன்று போடுவித்தவர் அவர். தொடங்குகிற காரியம் இடையூறில்லாமல் நிறைவேற வேண்டும் என்பதுதான் அதன் பொருள். அந்தக் குண்டின் காரியமும் இடையூறில்லாமல் நிறைவேறியிருக்கும்; விநாயகர் காரியத்தை விசாரிக்கிற கடவுள் அல்ல.

வரதராஜா பின்வளவுக்குப் போய், ஏற்கெனவே தண்ணீர் விட்டிருந்த கறிவேப்பிலைக்கு மீண்டும் தண்ணீர் விட்டார். யாழ்ப்பாணத்தில் பங்கர் என்ற பதுங்குகுழிக்குள் குந்தியிருந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. குண்டு அடுத்த ஒழுங்கையில் விழுந்தால் கண்ணை மூடி, நல்ல காலம், எங்கள் மேல் விழவில்லை என்று நினைத்த நினைப்பு வந்தது. விமானத்தில் இருந்தவனைப் பற்றி அந்தக் காலத்தில் அவர் நிறைய யோசித்திருக்கிறார். அந்தக் குண்டை யாரோ விமானத்தில் கொழுவியிருப்பார்கள், கொழுவிய கைக்கு விரல்கள் இருந்திருக்கும், அந்த விரல்களைப் பிடித்து அரிச்சுவடி எழுதப் பழக்கிய ஒருவன் இருந்திருப்பான் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

அன்று மத்தியானச் சாப்பாட்டின்போது மிருணாளினி அடுத்த செய்தியைச் சொன்னாள். இன்னொரு தடவை போக விருப்பமா என்று கேட்டிருக்கிறார்கள். போனால் பதவி உயர்வு கிட்டத்தட்ட நிச்சயம். வருகிற கிழமை முடிவு சொல்ல வேண்டும்.

"நீங்கள் சொல்லுங்கோ அப்பா. நீங்கள் சொன்னால் போறன்."

இதைச் சொல்லிவிட்டு அவள் சோற்றைப் பிசையாமல் இருந்தாள். தகப்பன் யோசித்துச் சொல்லுவதாகச் சொன்னார். யோசிக்க ஒரு வருடம் கேட்டவளுக்கு ஒருநாள்கூடக் கொடுக்காத மனிதர், தனக்கு ஒரு கிழமை எடுத்துக்கொண்டார்.

அந்தக் கிழமை முழுவதும் அவர் பஸ் வழக்கத்தைவிட மெதுவாக ஓடியது. போ என்றால் இன்னும் எத்தனையோ குண்டுகள் அவருடைய வாயாலே கொழுவப்படும். போகாதே என்றால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்பதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் குண்டுக்குக் கீழே இருப்பது என்னவென்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் இனிப் பூட்டப்போவதை நிறுத்தலாம், ஆனால் ஏற்கெனவே பூட்டியவற்றை அவள் வாழ்நாள் முழுக்கச் சுமப்பாள். அவளைப் பிடித்து அதற்குள் தள்ளியவர் அவர். தள்ளியவனே கரையில் நின்று, நீ நிற்பது சேறு என்று சொல்வது எந்த வகை நியாயம்?

கோயிலில் சினேகிதர் இந்திரகுமாரிடம் இலேசாகக் கதையைத் தொட்டுப் பார்த்தார். கணக்காளரான இந்திரகுமார் எதிலும் உறுதியான மனிதர். சிலோன் விமானப் படை குண்டு போட்டது அட்டூழியம், ஆஸ்திரேலிய விமானப் படை போடுவது கடமை. ஈராக்கில் இருக்கிறவர்கள் பயங்கரவாதிகள் என்று விளக்கினார். எங்களையும் அப்படித்தானே சொன்னவை என்று வரதராஜா கேட்டதற்கு, அது பொய், இது உண்மை என்றார். "உங்கட மகள் எங்கட சனத்துக்கே பெருமை, அண்ணை. அடுத்த பொங்கல் விழாவில மேடையில ஏத்திப் பொன்னாடை போடுவம்."

வீட்டில் சிவாஜினியிடம் கேட்டபோது அவள், "அண்டைக்கு அனுப்பேக்க என்னட்டைக் கேட்டனீங்களே?" என்றாள். அதற்கு மேல் அங்கே கேட்க ஒன்றும் இருக்கவில்லை.

அந்தக் கிழமை முடிந்து ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மிருணாளினி நியூகாசில் பக்கத்தில் இருக்கும் தன் தளத்துக்குத் திரும்பப் பையைக் கட்டிவிட்டு வந்து, கதிரையை இழுத்துப் போட்டுத் தகப்பனுக்கு முன்னால் இருந்தாள். முடிவைக் கேட்டாள். வரதராஜா நேர்மையான மூன்று நான்கு வசனங்களைத் தயாரித்து வைத்திருந்தார். பஸ்ஸில் வாய்க்குள் சொல்லியும் பார்த்திருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் அவற்றில் ஒன்றும் வரவில்லை. தமிழ்ப் பெற்றோருக்கு ஆண்டவன் கடைசி நேரத்துக்கென்று கொடுத்துவைத்த ஒரே வழிதான் வந்தது.

"எனக்கு ஏலாமல் கிடக்குது, பிள்ளை. கொஞ்ச நாளா நெஞ்சுக்குள்ள நோகுது. நீ இப்ப தூரப் போகாதே."

சிவாஜினி குசினி வாசலில் நின்று கணவனைப் பார்த்தாள். காலையில்தான் மனிதர் உழுந்துவடை ஆறு சாப்பிட்டிருந்தார்.

மிருணாளினி டொக்டரைப் பற்றிக் கேட்கவில்லை. எப்போது தொடங்கிய நோவு என்று கேட்கவில்லை. "சரி அப்பா. வீட்டுக் காரணம் எண்டு சொல்லுறன்," என்று எழும்பிவிட்டாள். அவ்வளவு விரைவாக அவள் சம்மதித்ததில் வரதராஜாவுக்கு முதலில் ஆறுதலும், பிறகு ஆறுதலைவிடப் பெரிய ஒரு சங்கடமும் ஏற்பட்டன. அவள் கேட்டது போவதற்கான அனுமதியை அல்ல, போகாமலிருக்க ஒரு காரணத்தை என்பது போலிருந்தது.

அடுத்த சனிக்கிழமை அவள் லீவில் வந்தபோது செய்தி பென்டில் ஹில் முழுக்கப் பரவியிருந்தது. வரதராஜாவுக்கு ஹார்ட் அற்றாக் என்றார்கள். பைபாஸ் முடிந்துவிட்டது என்றும் ஒரு கடையில் சொன்னார்களாம். காலையிலிருந்து ஆட்கள் திராட்சைப்பழமும் ஓர்லிக்ஸும் கொண்டுவந்த வண்ணம் இருந்தார்கள். நல்ல ஆரோக்கியமான மனிதர் போர்வை போர்த்துக்கொண்டு ஹோலில் சாய்ந்து கிடந்தார். ஒருவர் போய் அடுத்தவர் வருவதற்கு இடையில் மகள் தேத்தண்ணி கொண்டுவந்து பக்கத்தில் இருந்தாள்.

"அப்பா," என்றாள். "பங்கருக்குள்ள இருக்கேக்க ஆக்கள் திட்டுவினமோ?"

அவர் தேத்தண்ணியைப் பார்த்தார். "தேவாரம் படிப்பினம்."

"திட்டவும் செய்வினம்தானே."

"ஓம். செய்வினம்."

"ஆரை?"

இதற்கும் ஒரு பொய் கைவசம் இருந்தது. ஆனால் அன்று காலையிலிருந்து சொன்ன பொய்களில் அவருக்குக் களைத்துப்போய்விட்டது. பக்கத்து வீட்டுப் பவளம் அக்கா என்று ஒருத்தி, வலு நல்ல மனுசி, விமானம் பதிந்து கீழே வரும்போதெல்லாம் கையை மேலே நீட்டித் திட்டுவாள் என்று சொன்னார். அவள் திட்டியதை அவளுடைய குரலிலேயே சொன்னார்.

"'உன்னைப் பெத்தவன் விளங்கமாட்டான்' எண்டுதான் திட்டுவா. ஓட்டினவனை இல்லை, பூட்டினவனை இல்லை. எல்லாரும் அப்பிடித்தான், பெத்தவனைத்தான் திட்டுவினம்." பிறகு, ஏதோ பஸ் நேரம் சொல்வதுபோல் சொன்னார்: "அதால உனக்கு ஒண்டும் வராது, பிள்ளை. எல்லாம் என்னட்டைத்தான் வரும்."

மிருணாளினி சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டாள். "தட்ஸ் நொட் ஹவ் இற் வேர்க்ஸ், அப்பா. அது அப்பிடியில்லை," என்றாள். போர்வையின் ஓரத்தை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். "எங்க போய் விழுந்தது எண்டு எங்களுக்குச் சொல்லமாட்டினம். பிளேன் வெறுமையா வரும், திரும்பப் பூட்டுவம். நான் கேட்டதுமில்லை."

"நானும் உன்னட்டைக் கேக்கேல்லை," என்றார் வரதராஜா.

வாசல் மணி அடித்தது. கண்ணாடிக்கு அப்பால் இந்திரகுமாரின் பருத்த உருவமும் ஒரு பெரிய பழக்கூடையும் தெரிந்தன. வரதராஜா அவசரமாகச் சாய்ந்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்து, ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். கதவைத் திறக்க எழும்பிய மிருணாளினி ஒரு நிமிடம் நின்று அவரைப் பார்த்தாள். பிறகு குனிந்து, அந்தக் கையை எடுத்து மற்றப் பக்கத்தில் வைத்தாள்.

"இடப் பக்கம், அப்பா," என்றுவிட்டுப் போனாள்.