சதுரத் தொட்டியா, நீளத் தொட்டியா

மகளின் மாவுக்கட்டைப் பிரித்த பிறகுதான் எனக்கு உண்மையான பயம் தொடங்கியது. தொடை எலும்பு நன்றாகக் கூடிவிட்டது என்றார் டாக்டர். ஆனால் ஆறு வயதுப் பெண் அந்தக் காலைத் தரையில் ஊன்றவே மறுத்தாள். பிசியோதெரபிஸ்ட் ஒரு வழி சொன்னார். தண்ணீருக்குள் நடக்க விட்டால் உடம்பின் பாரம் தெரியாது, பயம் தானாக விலகும். சேலத்து நீச்சல்குளத்துக்குத் திருச்செங்கோட்டிலிருந்து தினமும் போய்வர முடியாது. வீட்டிலேயே ஒன்று வைத்துவிடலாம் என்று கணவர் முடிவெடுத்தார். எதை வாங்குவது என்பதை மட்டும் என்னிடம் விட்டார். அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.

கடையில் இரண்டைக் காட்டினார்கள். ஹாட் டப் சதுரமானது. சுற்றிலும் உட்கார்ந்துகொள்ளலாம், வெந்நீர் பீய்ச்சி உடம்பைப் பிடித்துவிடும். ஸ்விம் ஸ்பா ஒரு வேன் நீளம் இருந்தது. ஒரு முனையில் மோட்டார் தண்ணீரைத் தள்ளும். அதை எதிர்த்து நின்ற இடத்திலேயே நீந்தலாம், நடக்கலாம். நடப்பதற்கு அதுதான் சரி என்று எனக்கும் தெரிந்தது. ஆனால் அதன் ஆழம் என் மார்பளவு. என் மகள் மூழ்கிப்போவாள். எனக்கோ நீச்சல் தெரியாது. கணவர் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு மாதக்கணக்கில் வெளிமாநிலம் போய்விடுவார்.

காலையில் ஹாட் டப் என்றேன். மதியம் வேண்டாம் என்றேன்.

"எனக்கு ஹாட் டப்புதான் தோதுப்படும். லாரியில குலுங்குன முதுகுக்கு ஒரு ஓட்டு இல்லியா?" என்றார் கணவர்.

"ஏனுங்க, உங்க முதுகுக்கு வாங்கறமா, பாப்பா காலுக்கு வாங்கறமா?"

மாமனார் ஈசிசேரில் இருந்தபடியே சிரித்தார். "ஊரு பூரா தண்ணி எடுத்துக் குடுக்கற குடும்பம், வாசல்ல குண்டா வெச்சு உக்காரப் போகுதாக்கும்! நாமக்கல்லு முட்டையாட்ட எம் பேத்திய வேக வெச்சுப்போடாதீங்க சாமி."

அந்த ஞாயிற்றுக்கிழமை எருமப்பட்டியில் என் அம்மா வீட்டுத் தோட்டத்துக்குப் போயிருந்தோம். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. குழாயிலிருந்து தண்ணீர் சதுரத் தொட்டியில் கொட்டி, அங்கிருந்து சிமெண்ட் வாய்க்காலில் மஞ்சள் வயலுக்கு ஓடியது. சதுரம் ஒன்று, நீளம் ஒன்று. இரண்டும் கண்முன்னே இருந்தன. மகளைத் தூக்கிக்கொண்டு புடவையோடு தொட்டிக்குள் இறங்கினேன். அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கால்களை மடக்கி, சுகமாக உட்கார்ந்திருந்தாள். காலை ஊன்றச் சொன்னபோது மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

பிறகு வாய்க்காலுக்குப் போனோம். தண்ணீர் அவள் முழங்காலுக்கு மேல் வந்தது. நான் பின்னால் நின்று அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். நல்ல காலை மட்டும் ஊன்றி நின்றாள். கணவர் மேலே தொட்டியருகே குந்தி, செவ்வந்திப் பூவை ஒவ்வொன்றாக மிதக்க விட்டார்.

"புடி கண்ணு, அம்மாகிட்டப் போயிரும்!"

முதல் பூவைப் பிடித்தாள். அடுத்தது கொஞ்சம் முன்னாலேயே ஓரமாக ஒதுங்கி நின்றது. அதை எட்டிப் பிடிப்பதற்காக, ஊன்றப் பயந்த காலை முன்னால் வைத்தாள். தண்ணீர் அவளைப் பின்னால் தள்ளியது. அவள் விடவில்லை, அடுத்த காலையும் வைத்தாள். நான் பிடியை விடாமல் பின்னால் நடந்தேன்.

வீடு திரும்பும்போதே கடைக்காரருக்குப் போன் செய்தேன். ஸ்விம் ஸ்பாவுக்குள்ளே அவள் உயரத்துக்கு மேடை போட முடியுமா, மூடிக்குப் பூட்டு உண்டா, பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைப்பீர்களா என்று கேட்டதையே திரும்பக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் முடியும் என்றார். அப்புறமும் இரண்டு நாள் யோசித்தேன்.

ஸ்விம் ஸ்பா வந்த அன்று ரிக் வண்டி ஆட்கள்தான் கிரேன் வைத்து வாசலில் இறக்கினார்கள். குண்டா என்று கேலி செய்த மாமனாரே நடுவில் நின்று, "பைப்பு எறக்கறாப்பல மெதுவா எறக்குங்க சாமி!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

தண்ணீரில் முதலில் நான் இறங்கினேன். மேடை அசைகிறதா என்று மிதித்துப் பார்த்துவிட்டு மகளை வாங்கிக்கொண்டேன். கணவர் மோட்டாரை மெல்ல ஓட விட்டார். தண்ணீர் எங்களைத் தள்ளியது. அவள் ஒரு கையால் கம்பியைப் பிடித்து ஓரடி வைத்தாள், இன்னோர் அடி வைத்தாள், கம்பியை விட்டாள்.

"அப்பா, இன்னும் வேகமா உடுங்கப்பா!"

கம்பியை இறுகப் பிடித்திருந்தது இப்போது நான் மட்டும்தான்.