கதிரையடியில் ஒரு முடிச்சு

மாசி மாதம், வெள்ளிக்கிழமை. காலையில் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளிநொச்சிக்குப் போனேன். பின்னேரம் திரும்பினேன். இடையில் வீட்டுக்குள் நாய் மட்டுமே இருந்தது.

மனைவி இறந்தபின், தனித்திருக்கும் பொழுதுகளில் அது தன் காலையே கடித்துப் புண்ணாக்கத் தொடங்கியது. ஆகவே அவள் செய்ததுபோல, கருவாட்டுத் துண்டுகளைப் பழந்துணியில் முடிந்து வீடெங்கும் ஒளித்துவைத்துவிட்டுப் போவேன். தேடுவதில் அதன் பகல் கழியும். என் முடிச்சுகளை அது கண்டவுடன் கிழித்துவிடும். அவள் இருந்த காலத்தில், அவளுடையவற்றை மட்டும் அவள் உட்காரும் கதிரையடியில் வைத்து, அவள் வந்து “எடு ராசா” என்று சொல்லும்வரை காத்திருக்கும்.

அன்று திரும்பி வந்தபோது வேலியருகே அயல்வீட்டுப் பெண்மணி கேட்டார்.

“ஐயா, வீட்டில ஆர் நிக்கினம்? யன்னலுக்குள்ளால பாத்தன், நாய் வாலாட்டிக்கொண்டு நிண்டது.”

“ஒருத்தரும் இல்லைப் பிள்ளை.”

உள்ளே நான் முடிந்துவைத்த துணிகள் கிழிந்து கிடந்தன. கதிரையடியில் ஒரு முடிச்சு அவிழாமல் இருந்தது. முடிச்சு எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருந்தது; இடக்கைக்காரியான அவள் முடிந்தது அது. எங்கோ இத்தனை மாதமும் கிடந்திருக்க வேண்டும். நாய் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வெறுங்கதிரையில் ஒரு முகத்தின் உயரத்தை நோக்கி வாலாட்டிக்கொண்டிருந்தது.

இன்னும் செய்யாதவை:
கதிரையை அவ்விடத்திலிருந்து எடுப்பது.
அவள் கைபட்ட கடைசி முடிச்சை அவிழ்ப்பது.
“எடு ராசா” என்று நான் சொல்வது.